ஏறுவதும் இறங்குவதும்: காற்பந்து ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கை எப்படி நகர்கிறது?

மலேசியாவின் பந்திங் பட்டணத்தில் சனிக்கிழமை காலை பசியாற உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் காற்பந்துப் பேச்சு கேட்காமல் இருக்காது. ஒரு பெயர் வரும். "என்னமா ஆடுன பையன், கெட்டுப் போயிட்டான் லா" என்பார் ஒருவர். "சம்பளம் கூடுச்சு, தலைக்கனம் ஏறிப் போச்சு" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். மூன்றாமவர் ராசி என்பார். தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு மனிதரின் பதினைந்து ஆண்டு உழைப்புக்குத் தீர்ப்பு எழுதியாகிவிடும்.

தலைக்கனத்தால் வீழ்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒழுங்காகத் தூங்கி, ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒரு நாள் பயிற்சியைக்கூடத் தவறவிடாதவரும் இறங்கத்தான் செய்கிறார். அந்த இறக்கத்தை உண்டாக்குபவை பெரும்பாலும் நான்கு: உடம்பு, தற்செயல், அணியில் உள்ள இடம், ஒப்பந்தம். நான்கும் தனித்தனி வேகத்தில் ஓடுகின்றன. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருப்பதில்லை. நான்கும் ஒருசேர நல்ல நிலையில் இருக்கும் சில மாதங்களைத்தான் நாம் உச்சம் என்கிறோம்.

செம்பனை மரம் காட்டும் வடிவம்

பந்திங்கை அடுத்த கேரித் தீவுப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை. செம்பனைக் கன்று ஏறத்தாழ 12 மாதம் நாற்றங்காலில் இருக்கும். நிலத்தில் நட்டு 30 முதல் 36 மாதத்தில் முதல் குலை வெட்டலாம். அதன்பின் விளைச்சல் ஆண்டுக்காண்டு ஏறி, ஒன்பது பத்து வயதில் மேட்டைத் தொட்டு, சில ஆண்டுகள் அங்கேயே நின்று, பிறகு மெல்லச் சரியும். 25 வயது வாக்கில் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள்.

சாய்க்கும் நாளில் அந்த மரம் மலடாகிவிடுவதில்லை. குலை இருந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் நீளக் கம்பில் கட்டிய அரிவாள்கூட எளிதில் எட்டாத உயரத்துக்கு அது போயிருக்கும். ஒரு குலையை இறக்க ஆகும் நேரமும் கூலியும் கூடிவிடும். அதே இடத்தில் இளமரம் நின்றால் செலவு குறைவு. 32 வயது ஆட்டக்காரரைக் கிளப் விடுவிப்பதும் இதே கணக்கில்தான். ஆடத் தெரியாமல் போய்விட்டது என்பது காரணமாக இருப்பதில்லை. அவர் செய்யும் வேலையில் பத்தில் எட்டுப் பங்கை, அவர் சம்பளத்தில் பாதிக்குச் செய்ய ஓர் இருபத்திரண்டு வயதுக்காரர் கிடைத்துவிட்டார், அவ்வளவுதான்.

மரத்திடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. மழை பொய்த்தால் குலை அந்த மாதமே குறைந்துவிடாது. குலையாக மாறப்போவது பெண்பூ. ஒரு பூ ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு வெகு காலம் முன்பே முடிவாகிவிடும். தண்ணீர் பற்றாத காலத்தில் ஆண்பூ கூடும். அதன் விளைவு ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டு கழித்துத்தான் தராசில் தெரியும். ஆட்டக்காரரின் உடம்பும் அப்படியே. 17 வயதில் பள்ளி அணி, மாவட்ட அணி, கிளப் அணி என மூன்றுக்கும் ஓய்வில்லாமல் ஆடியவருக்கு முழங்கால் 21 வயதில் பேசத் தொடங்கும். அப்போது பார்ப்பவர், "புது கிளப்புக்குப் போனதும் கெட்டுப் போனான்" என்பார்.

இதுவரை பார்த்தது: தொழில் வாழ்க்கை நேர்கோடாக ஏறுவதில்லை; மேடும் சரிவும் அதன் இயல்பான வடிவம். இன்று தெரியும் இறக்கத்துக்குக் காரணம் இன்று நடந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

தொடக்கத்திலேயே ஒரு சாய்வு

12 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தேர்வு நடக்கிறது. ஒரு பையன் ஜனவரியில் பிறந்தவன், இன்னொருவன் அதே ஆண்டு டிசம்பரில். தாளில் இருவருக்கும் ஒரே வயது. திடலில் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். அந்த வயதில் ஓராண்டு என்பது சில சென்டிமீட்டர் உயரம், சில கிலோ எடை, ஓட்டத்தில் இரண்டு எட்டு. தேர்வாளர் கண்ணில் படுபவன் ஜனவரிப் பையன்தான். அவனுக்கு நல்ல பயிற்றுநர், நல்ல பூட்ஸ், வாரம் ஓர் ஆட்டம் எல்லாம் கிடைக்கின்றன. டிசம்பர்ப் பையன் சாயங்காலம் தோட்டத்துத் திடலில் தானாக ஆடிக்கொண்டிருக்கிறான். 17 வயதில் உயரம் சமமாகிவிடும், ஆனால் ஐந்தாண்டுப் பயிற்சியின் இடைவெளி அப்படியே நிற்கும். இதைச் சார்பு வயது விளைவு என்பார்கள்.

பிந்தி மலர்ந்தவர்களுக்குச் சான்று வேண்டுமானால் ஜேமி வார்டியைப் பாருங்கள். சிறுவயதில் உடம்பு போதாது என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் அவரை விடுவித்தது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ் லீக்குகளில் ஆடினார். 2012ல் லெஸ்டர் சிட்டிக்கு வந்தார். 2015-16 பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்றபோது அவருக்கு 29 வயது. அவரைப் போல் எத்தனை பேர் திரும்பி வராமலே போனார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

ஃபார்ம் என்று எதைச் சொல்கிறோம்?

காப்பிக் கடைப் பேச்சில் அதிகம் அடிபடும் சொல் இது; அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "அவனுக்கு ஃபார்ம் போயிடுச்சு" என்கிறோம், ஏதோ சட்டைப் பையிலிருந்து விழுந்துவிட்டதுபோல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாக்குதல் ஆட்டக்காரர் எட்டு முறை கோலை நோக்கி அடித்தால் ஒன்று உள்ளே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்துக்கு மூன்று முறை அடிக்கிறார். ஐந்து ஆட்டத்தில் 15 முயற்சி. சராசரியாக இரண்டு கோல் எதிர்பார்க்கலாம். அவர் திறமை துளியும் மாறவில்லை, உடம்பும் மனமும் அப்படியே இருக்கின்றன. அப்படியிருந்தும் அந்த ஐந்து ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழாமல் போக ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு உண்டு. நான்கோ அதற்கு மேலோ விழ ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முப்பது ஆட்டம் கொண்ட ஒரு சீசனை ஐந்தைந்தாகப் பிரித்தால், எங்காவது ஓரிடத்தில் முழு வறட்சி வருவதற்கே, வராமல் இருப்பதைவிட வாய்ப்பு அதிகம்.

அதாவது, ஒரே மனிதர் மார்ச்சில் நாயகன், மே மாதம் வில்லன். நடுவில் மாறியது பந்து கம்பத்தில் பட்டு எந்தப் பக்கம் திரும்பியது என்பது மட்டுமாக இருக்கலாம்.

மிக நன்றாகப் போன ஒரு கட்டத்துக்குப் பிறகு ஆட்டம் வழக்கமான அளவுக்கு இறங்குவதும், மிக மோசமான கட்டத்துக்குப் பிறகு வழக்கமான அளவுக்கு ஏறுவதும் இயல்பு. இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். பயிற்றுநர் திட்டியதும் ஆட்டக்காரர் நன்றாக ஆடத் தொடங்கினார், பாராட்டியதும் சோடை போனார் என்று பலர் நம்புவதற்குக் காரணம் இதுதான். திட்டு விழுவது மோசமான ஆட்டத்துக்குப் பின், பாராட்டு விழுவது பிரமாதமான ஆட்டத்துக்குப் பின். அடுத்த ஆட்டம் எப்படியும் நடுவுக்குத்தான் வந்திருக்கும்.

உண்மையான சரிவை எப்படிக் கண்டுபிடிப்பது? கோலை எண்ணாதீர்கள், முயற்சியை எண்ணுங்கள். ஆட்டத்துக்கு மூன்று முறை அடித்தவர் இப்போதும் மூன்று முறை அடிக்கிறார், உள்ளே போகவில்லை என்றால் காத்திருக்கலாம். மூன்று ஒன்றாகிவிட்டது, எதிரணித் தற்காப்பாளருக்குப் பின்னால் ஓடுவதையே நிறுத்திவிட்டார் என்றால், அங்கே ஏதோ நடக்கிறது. பெரும்பாலும் அது காலில் இருக்கும்.

காயம்: ஒன்பது மாதக் கதை

காற்பந்தில் அதிகம் அடிபடும் தசை ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்புறத் தசை. வேகமாக ஓடும்போது முன்னே வீசும் காலைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. நீண்டுகொண்டே இழுக்க வேண்டியிருப்பதால் முழு வேகத்தில் அது கிழிகிறது. ஒருமுறை கிழிந்தவருக்கு மறுமுறை கிழியும் ஆபத்து அதிகம். ஆறிய இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு தசையைப் போல நீளாது. வலி போய்விட்டது என்பதற்காக முழு வேக ஓட்டத்தைப் பழகாமலே ஆட்டத்தில் இறங்கினால் பழைய இடமே மீண்டும் போகும்.

மைக்கேல் ஓவன் நல்ல எடுத்துக்காட்டு. 1999 ஏப்ரலில் லீட்ஸ் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்தது, வயது 19. 2001ல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருது பெற்றார் என்பதால் காயம் ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றும். ஆனால் வேகத்தையே மூலதனமாகக் கொண்டவர் அவர். அடுத்தடுத்த தசைக் காயங்கள் அந்த மூலதனத்தை அரித்தன. 2006 உலகக் கிண்ணத்தில் சுவீடனுக்கு எதிராக, முதல் நிமிடத்திலேயே, யாரும் தொடாமல் முழங்கால் திரும்பி விழுந்தார். அது அடுத்த வகைக் காயம்.

ஏசிஎல் என்பது முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஒரு நார். மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் கட்டிப் பிடித்து, கீழ் எலும்பு முன்னால் நழுவாமல் காப்பது அது. கால் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு திரும்பினால் அறுகிறது. பலருக்கு 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். சில மணி நேரத்தில் முழங்கால் பந்துபோல் வீங்கும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அது சுளுக்கு இல்லை. நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான். சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு உருவி விடுகிறார்கள். இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றுகிறது, நேராக நடக்க முடிகிறது, "சரியாகிவிட்டது" என்று திடலில் இறங்குகிறார். திரும்பும்போது முழங்கால் விட்டுக்கொடுக்கிறது. ஒவ்வொரு முறை அப்படி நழுவும்போதும் உள்ளே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு நசுங்கிக் கிழிகிறது. நாரை மாற்றி வைக்கலாம். குருத்தெலும்பு போனால் முழுதாகத் திரும்புவது அரிது. 40 வயதில் மாடிப்படி ஏறும்போது அது தெரியும்.

சரியான வழி இப்படிப் போகும். முதலில் எம்ஆர்ஐ படம். அறுவைக்கு முன்பே வீக்கத்தை இறக்கி, முழங்காலை முழுதாக நீட்டப் பழக்குவார்கள். நீட்ட முடியாத காலில் அறுவை செய்தால் அது விறைத்துப்போகலாம். பிறகு அவருடைய ஹாம்ஸ்ட்ரிங் நாரிலோ முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாரிலோ ஒரு துண்டு எடுத்து ஏசிஎல் இருந்த இடத்தில் பொருத்துவார்கள். பொருத்திய நார் முதல் சில மாதங்களில் பலம் குறைந்து, பிறகுதான் மெல்லக் கூடும். வலி இல்லாத அந்த மாதங்கள்தான் ஆபத்தானவை. மூன்று நான்கு மாதத்தில் நேர்கோட்டு ஓட்டம், பிறகு திரும்பல், குதித்தல், கடைசியாக உடம்போடு உடம்பு மோதும் பயிற்சி. ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும். காலண்டரை மட்டும் பார்த்தால் போதாது. அடிபட்ட காலின் தொடைப் பலம் நல்ல காலின் பலத்தில் குறைந்தது 90 விழுக்காடு இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் அப்படியே.

இனி இந்த ஒன்பது மாதத்தை ஒப்பந்தத்தோடு ஒட்டிப் பாருங்கள். மார்ச்சில் அடிபட்டவருக்கு நவம்பரில் ஒப்பந்தம் முடிகிறது என்றால், திரும்பி ஆடிக் காட்ட ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்காது. அதனால்தான் ஆறாம் மாதத்திலேயே வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுருக்கமாக: வலி நிற்பதும் காயம் ஆறுவதும் ஒன்றல்ல. காயத்தின் உண்மையான விலை ஆடாமல் இருந்த மாதங்கள் மட்டுமல்ல. அந்த மாதங்கள் எந்த நேரத்தில் வந்தன என்பதும்தான்.

பதினொரு நாற்காலி

அணியில் இருபத்தைந்து முப்பது பேர் இருப்பார்கள். திடலில் 11 பேர், மாற்றாக இறங்க ஐவர். கோல் காவலருக்கோ ஒரே ஓர் இடம். முதல் காவலர் நலமாக இருந்தால் இரண்டாமவர் மூன்று ஆண்டு பெஞ்சிலேயே தேய்வதும் உண்டு. புதுப் பயிற்றுநர் வந்து, விங்கரே (திடலின் ஓரமாக ஓடித் தாக்குபவர்) இல்லாத ஆட்டமுறையைக் கொண்டுவந்தால் நல்ல விங்கர் ஒரே வாரத்தில் உபரியாகிவிடுவார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான ஒதுக்கீடு கூடும்போது உள்ளூர்க்காரர் முதலில் இழப்பது பெரும்பாலும் கோல் அடிக்கும் இடத்தைத்தான். நம் லீக்கில் உள்ளூர்த் தாக்குதல் ஆட்டக்காரர் குறைந்துவிட்டார் என்று புலம்புபவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சில சமயம் நாற்காலி மட்டுமல்ல, வீடே போய்விடும். இந்திய ஆட்டக்காரர்கள் பலருக்கு இடம் கொடுத்த, மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் வழி வந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி கிளப் 2022 சீசனோடு லீக்கிலிருந்து விலகியது. ஓர் அணி மொத்தமும் ஒரே நேரத்தில் வேலை தேடியது. இன்னும் பின்னால் போனால் 1980. மலேசிய அணி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது, ஆர். ஆறுமுகம் கோல் காவலர், சந்தோக் சிங் தற்காப்பில். அரசியல் காரணத்தால் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அவர்கள் உடம்பிலும் ஆட்டத்திலும் ஒரு குறையும் இல்லை. உச்சம் வந்தது, மேடைதான் இல்லை.

ஒப்பந்தம்: யாரும் பேசாத பகுதி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "அவனை இத்தனை மில்லியனுக்கு வாங்கினார்கள்" என்றால் அந்தப் பணம் ஆட்டக்காரருக்குப் போவதில்லை. அது மாற்றுக் கட்டணம்: ஒப்பந்தம் முடியாத ஒருவரை விடுவிக்கப் புதிய கிளப் பழைய கிளப்புக்குத் தரும் தொகை. ஆட்டக்காரருக்குக் கிடைப்பது சம்பளம், கையெழுத்துத் தொகை, போனஸ்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டால் கட்டணமே கிடையாது. இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1990ல் பெல்ஜியத்தில் ஜான் மார்க் போஸ்மன் என்பவரின் ஒப்பந்தம் முடிந்தது. இருந்தும் பணம் வராமல் விடமாட்டோம் என்றது அவருடைய கிளப். அவர் வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்று ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஆட்டக்காரர் வேறு கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அதனால் கிளப்புக்குக் கடைசி ஆண்டு ஒரு தலைவலி: இப்போதே விற்றால் பணம், காத்திருந்தால் ஒன்றுமில்லை. "நன்றாக ஆடுகிறவரை ஏன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்?" என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இங்கே இருக்கிறது.

ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்தாண்டு. 18 வயது நிரம்பாதவருக்கு மூன்றாண்டு. நம் ஊரில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களே சாதாரணம். குறுகிய ஒப்பந்தம் என்றால் ஒரு மோசமான காயம், ஒரு புதுப் பயிற்றுநர், ஐந்து வறண்ட ஆட்டம், இதில் எது வந்தாலும் முடிவு நாளோடு மோதும் வாய்ப்பு அதிகம்.

சம்பளம் எப்போதும் ஆட்டத்துக்குப் பின்னால் நடந்து வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். 22 வயதில் சிறு சம்பளத்துக்குக் கையெழுத்திட்டவர் 24ல் பிரமாதமாக ஆடுகிறார். வாங்குவது பழைய சம்பளம்தான். 26ல் பெரிய ஒப்பந்தம் வருகிறது. 29ல் கால் கொஞ்சம் தளர்கிறது, சம்பளம் உச்சத்தில். அப்போது ரசிகர் கூட்டம், "வாங்குற காசுக்கு ஆடுறானா?" என்று கத்தும். அந்தக் காசு 24 வயது ஆட்டத்துக்கான கூலி, தாமதமாக வந்தது.

உச்சம் சரியான நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு சாஃபி சாலி. கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து மலேசியா வென்ற 2010 சுசுகி கிண்ணத்தில் (தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி) அவர் ஐந்து கோல் அடித்து முதலிடம் பெற்றார். 2011ல் இந்தோனேசியாவின் பெலிதா ஜெயாவுக்கு ஆடப் போனார். மறுபக்கம் ஃபைஸ் சுப்ரி. 2016 பிப்ரவரியில் பினாங்குக்காக அவர் அடித்த ஃப்ரீ கிக்கை உலகமே பார்த்தது. 2017 ஜனவரியில் ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதும் வந்தது. அப்போது அவருக்கு 29 வயது. அதன்பிறகும் அவர் ஆடியது மலேசிய லீக்கில்தான். ஒரு கோல் புகழைத் தரும். ஒப்பந்தமோ முப்பது ஆட்டத்தையும் வயதையும் பார்த்து எழுதப்படுகிறது.

சம்பளம் வராதபோது

மலேசியக் காற்பந்தின் நெடுநாள் நோய் சம்பள பாக்கி. ஃபிஃபா விதி இதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், ஆட்டக்காரர் கிளப்புக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, முழுதாகக் கட்ட 15 நாளாவது அவகாசம் தர வேண்டும். அதற்குள் வரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். பலர் தடுக்கி விழுவது நடைமுறையில். வாட்ஸ்அப்பில் மேலாளரிடம் கெஞ்சியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அல்லது கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். அப்போது மீறியவர் ஆட்டக்காரர் என்று ஆகிவிடுகிறது. செய்ய வேண்டியது சலிப்பான வேலைதான்: கையெழுத்தான ஒப்பந்தப் பிரதி, மாதாமாதம் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, தேதியிட்ட கடிதம், அது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று. 15 நாள் முடியும்வரை பயிற்சிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே மலேசிய நிபுணத்துவ ஆட்டக்காரர் சங்கத்திடம் காட்டினால் இன்னும் நல்லது.

பாக்கி வேறொரு கதவையும் திறந்துவிடும். 1994-95ல் வெளிப்பட்ட ஆட்ட நிர்ணய ஊழலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலருடைய தொழில் அங்கேயே முடிந்தது. குறைவாகவோ தாமதமாகவோ சம்பளம் பெறுபவரைத்தான் சூதாட்டத் தரகர் முதலில் தேடி வருவார்.

மொத்த வருமானத்தையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மாதம் 8,000 ரிங்கிட், ஆண்டுக்குப் பத்து மாத ஒப்பந்தம், மொத்தம் 11 சீசன் என்று வைத்தால் 880,000. இவை வெறும் எடுத்துக்காட்டு எண்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் ஆலையில் மாதம் 3,500 ரிங்கிட்டுக்கு 20 வயதிலிருந்து 60 வரை வேலை பார்த்தால் 1,680,000. கார் வைத்திருப்பவர் ஆட்டக்காரர். கடைசியில் அதிகம் சம்பாதித்தவர் ஆலைக்காரர். சேமநிதியையும் பாருங்கள். ஊழியர் பங்கு 11 விழுக்காடு; முதலாளி பங்கு 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு 13, அதற்கு மேல் 12. கிளப் அந்தப் பணத்தைக் கட்டியதா என்று இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் மாதம் ஒருமுறை பார்க்க ஐந்து நிமிடம் போதும். சம்பளச் சீட்டில் பிடித்ததாக எழுதியிருப்பதும் கணக்கில் ஏறியிருப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க: மாற்றுக் கட்டணம் கிளப்புக்கு, சம்பளம் ஆட்டக்காரருக்கு. சம்பளம் பழைய ஆட்டத்துக்கான கூலி. இரண்டு மாத பாக்கி, எழுத்து மூல அறிவிப்பு, 15 நாள்.

தோட்டத்து கிளப்புக்கு ஏதாவது உண்டா?

கொஞ்சம் உண்டு. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடியும் முன்பே கட்டணத்துக்கு நாடு விட்டு நாடு மாறினால், அந்தக் கட்டணத்தில் 5 விழுக்காடு, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பழக்கிய கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, அதன்பின் ஆண்டுக்கு 0.5. கட்டணம் 20 லட்சம் ரிங்கிட் என்றால், 13, 14 வயதில் இரண்டாண்டு பழக்கிய கிளப்புக்கு 10,000 ரிங்கிட். வலையும் பந்தும் வாங்கிப் புல் வெட்டினாலும் மிச்சம் இருக்கும். ஆனால் கிளப் காற்பந்துச் சங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அந்த ஆண்டுகளில் பையனின் பெயரும் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். செயலாளர் வீட்டுப் பழைய நோட்டில் இருக்கும் பெயர் செல்லாது.

வயது எல்லோருக்கும் ஒன்றல்ல

பொதுவாக 25 முதல் 29 வரை உச்சம். முதலில் போவது முழு வேக ஓட்டம். அதனால் விங்கர் முந்தி இறங்குவார். பார்வை, நின்று யோசிக்கும் திறன், பந்தைத் தொடும் நயம் எல்லாம் தாமதமாகவே தேயும். நடுத்திடல் ஆட்டக்காரர் லூகா மோட்ரிச் 33 வயதில் 2018 பலோன் டோர் பெற்றார். கோல் காவலர் புஃபோன் 45 வயதில்தான் கையுறையைக் கழற்றினார். வேகத்தை நம்பியவர் 28, 29 வயதிலேயே உள்ளே நகர்ந்து, விங்கிலிருந்து பக்கத் தற்காப்புக்கோ நடுத்திடலுக்கோ மாறினால் சில ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். மாறுவதற்கே ஒரு சீசன் பிடிக்கும். கால் தளர்ந்த பிறகு தொடங்கினால் அந்தச் சீசனை யாரும் தரமாட்டார்கள்.

ஆடும்போதே அடுத்ததற்கு

பயிற்றுநர் உரிமம் படிப்படியானது: டி, சி, பி, ஏ, கடைசியில் புரோ. ஒரு படி முடிந்து அடுத்ததற்கு இடையில் பயிற்சி கொடுத்த அனுபவமும் காட்ட வேண்டும். ஆகவே தொடங்கியவுடன் முடிந்துவிடாது. 34 வயதில் பூட்ஸைக் கழற்றிவிட்டு டி உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர், மாநில அணியின் பெஞ்சில் உட்கார்ந்து கத்தும் தகுதியை அடைய நாற்பதைத் தாண்டிவிடலாம். 28ல் ஓய்வு மாதத்தில் முதல் படியை முடித்தவருக்கு அதே 34ல் ஒரு வேலை காத்திருக்கும். கே. ராஜகோபால் தேசிய அணிக்கு ஆடியவர்தான், பிறகு 2010 கிண்ணத்தை வென்ற பயிற்றுநர்.

தோட்டத்திலும் மரத்தைச் சாய்த்த பிறகு விதைக்குச் சொல்லி அனுப்புவதில்லை. பழைய மரத்தில் குலை வெட்டிக்கொண்டிருக்கும்போதே, ஓராண்டு முன்னதாக, நாற்றங்காலில் கன்று பைகளில் நிற்கும்.